சத்தத்தைச் சமன்செய்துவிட்டுக் கேளுங்கள்

வீட்டறையில் பாட்டு செய்து, தாங்களே மாஸ்டரிங்கும் செய்யும் தம்பி தங்கைகளுக்கு,

படுக்கையறை மூலையில் ஒரு மேசை, ஒரு லேப்டாப், ஒரு ஹெட்போன். இவ்வளவை வைத்துக்கொண்டு நீங்கள் செய்கிற வேலையை எங்கள் நாளில் ஐந்தாறு பேர் செய்தார்கள். மெட்டு உங்களுடையது, குரல் உங்களுடையது, மிக்ஸிங் உங்களுடையது. அதை ஸ்பாட்டிஃபையிலும் யூட்யூபிலும் ஏற்றுவதும் நீங்களே. மாதம் நான்கைந்து பாட்டாவது எனக்கு வருகிறது, "அண்ணா, ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க" என்ற வரியோடு. ஒன்றையும் விடாமல் கேட்கிறேன். பாட்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கடைசிப் படியில், லிமிட்டரில், அடிபட்டு வருகிறது. குரலின் மூச்சும் தாளத்தின் அடியும் அங்கேதான் தொலைகின்றன. அதனால்தான் இதை உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

எந்த லிமிட்டர் வாங்கலாம் என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். பல வருடமாக ஒரே கருவியோடு பழகிவிட்ட எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தகுதி இல்லை என்று தோன்றியது. ஆகவே ஃபேப்ஃபில்டர் நிறுவனத்தின் புரோ-எல் 2-ஐ இறக்கிக்கொண்டேன். ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் நிறுவனம் அது. 2017 கடைசியில் வந்த பிளக்-இன், ஆகவே புதிது என்று சொல்ல முடியாது. ஆனாலும் மாஸ்டரிங் பேச்சு எங்கே எழுந்தாலும் அதன் பெயர் வந்துவிடுகிறது. 30 நாள் முழுசாகச் சோதித்துப் பார்க்க விடுகிறார்கள். இன்றோடு 19 நாள் ஆயிற்று.

முதல் நாள் மாலை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஒரு தங்கை அனுப்பிய பாட்டு, கிட்டாரும் வயலினும் மிருதங்கமும் சேர்ந்தது. லிமிட்டரைப் போட்டு, இடப்பக்கம் இருக்கும் கெய்ன் பட்டியைப் பிடித்து 6 டெசிபல் ஏற்றினேன். பாட்டு மலர்ந்துவிட்டது. பேஸ் நிறைந்தது, குரல் முன்னால் வந்தது, வயலினில் ஒரு பளபளப்பு ஏறியது. இத்தனை நாள் இதை விட்டுவிட்டோமே என்றுகூட நினைத்தேன். இருபது நிமிடம் அந்த மகிழ்ச்சியிலேயே இருந்தேன். பிறகு கீழே ‘1:1’ என்று எழுதியிருந்த பொத்தான் கண்ணில் பட்டது. அதை அழுத்தினால், நீங்கள் எவ்வளவு கெய்ன் ஏற்றினீர்களோ அவ்வளவையும் வெளியே போகும் ஒலியில் குறைத்துவிடும். லிமிட்டர் செய்த வேலை மட்டும் மிஞ்சும், ஏறிய சத்தம் கழிந்துவிடும். அழுத்தினேன். மலர்ச்சி போய்விட்டது. பைபாஸ் போட்டுப் பார்த்தேன். லிமிட்டர் இல்லாத பாட்டுதான் நன்றாக இருந்தது. லிமிட்டர் போட்டதில் மிருதங்கம் ஒரு முழம் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது.

நான் அந்த இருபது நிமிடமும் கேட்டுக்கொண்டிருந்தது லிமிட்டரை இல்லை, சத்தத்தை. நம் காதின் இயல்பு அது. 1933-ல் பெல் ஆய்வகத்தில் ஃபிளெச்சரும் மன்சனும் இதை அளந்து எழுதினார்கள். மெல்லிய சத்தத்தில் காதுக்குக் கீழ்ச்சுருதி ஒலிகள் சரியாக எட்டுவதில்லை, மிக மேலே இருப்பவையும் மங்கித்தான் கேட்கும். சத்தம் ஏற ஏற இரண்டும் வந்து சேர்ந்துகொள்கின்றன. அதனால் ஒரே பாட்டை ஒன்றிரண்டு டெசிபல் கூட்டி வைத்தால்கூட, "சத்தம் கூடியது" என்று காது சொல்லாது, "நன்றாக இருக்கிறது" என்றே சொல்லும். புது பிளக்-இன் ஒவ்வொன்றும் முதல் நாளில் அற்புதமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான். எந்த நிறுவனத்தின் லிமிட்டராக இருந்தாலும், சமன் செய்யாமல் கேட்டு அதைப் பற்றி ஒரு முடிவுக்கு வராதீர்கள். உங்கள் லிமிட்டரில் அந்தப் பொத்தான் இல்லையென்றால் கையால் செய்யலாம்: 4 டெசிபல் ஏற்றினால், அதற்குப் பின்னால் 4 டெசிபல் இறக்குங்கள்.

லிமிட்டர் என்ன செய்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை ஒரு வால்யூம் கட்டை மாதிரி பாவிக்கும் பழக்கம் நம்மிடம் வேரோடிவிட்டது. டிஜிட்டலில் பூஜ்யம் டெசிபல் என்பது கூரை. அதற்கு மேல் எண்களே கிடையாது. அலையின் உச்சி கூரையைத் தொட்டால் தட்டையாக வெட்டுப்படும், கரகரக்கும். பாட்டின் சராசரிச் சத்தம் கூரைக்கு எவ்வளவோ கீழே இருந்தாலும், மிருதங்க அடி, கிக், கைத்தட்டு போன்றவை கண நேரத்துக்கு எழும்பி அதைத் தொட்டுவிடும். லிமிட்டர் அந்த உச்சிகளைப் பிடித்து அமுக்குகிறது. அமுக்கிய இடத்தில் இடம் பிறக்கிறது, அந்த இடத்துக்கு முழுப் பாட்டையும் ஏற்றலாம். உச்சி வருவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள, ஒலியைக் கண நேரம் நிறுத்தி வைத்து எட்டிப் பார்க்கிறது. லுக்அஹெட் என்பது அதுதான். 1994-ல் வேவ்ஸ் நிறுவனம் எல்1 என்ற பிளக்-இன்னில் இதைக் கொண்டுவந்தபோது மாஸ்டரிங் தொழிலே மாறிப்போனது. அதுவரை கூரைக்குப் பயந்து விட்டுவைத்த இடத்தையெல்லாம் நிரப்ப வழி பிறந்துவிட்டது. நிரப்பினார்கள். அதன் விளைவை இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சோதனைக்கு நான் வைத்துக்கொண்ட பதிவு மிக எளியது. பின்னால் தம்புரா சுருதி, முன்னால் மிருதங்கம், வேறொன்றும் இல்லை. உங்கள் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு பதிவு இருக்கட்டும். தம்புரா அசையாத கோடு, மிருதங்கம் அதன்மேல் விழும் கல். ஒவ்வொரு அடியிலும் லிமிட்டர் ஒலியை இழுத்துப் பிடிக்கும்போது தம்புராவும் சேர்ந்து அமுங்குகிறது, அடி முடிந்ததும் மெல்ல எழுந்து வருகிறது. ரிலீஸை நீளமாக வைத்தால் தம்புரா மூச்சு வாங்குவது போலக் கேட்கும். நெரிசலான பாட்டில் இது கண்ணுக்கும் காதுக்கும் தப்பிவிடும். இங்கே தப்பாது.

சரி, ரிலீஸைக் குறுக்கிவிடலாமே என்று தோன்றும். குறுக்கினால் வேறொரு கேடு வருகிறது. 50 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஒரு பேஸ் சுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓர் அலை முடிய 20 மில்லி நொடி ஆகும். லிமிட்டர் 5 மில்லி நொடியில் பிடித்துப் பிடித்து விட்டால், ஒரே அலைக்குள்ளேயே பிடியும் விடுதலும் நடக்கின்றன, அலையின் வடிவமே குலைகிறது. அதைத்தான் பேஸ் "பொரிகிறது" என்று சொல்கிறோம். மிருதங்கத்தில் தொப்பியின் கும்கியில் இதை உடனே பிடிக்கலாம், அந்த வழுக்கல் ஓசையில் ஒரு மண் ஏறிவிடும். ரிலீஸுக்கு மந்திர எண் எதுவும் இல்லை. பாட்டின் வேகத்தையும், பேஸ் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதையும் பார்த்துக் கையால்தான் தேட வேண்டும்.

புரோ-எல் 2 இந்தத் தேடலை எளிதாக்குகிறது என்பதை மனமாரச் சொல்வேன். எட்டு வகை நடத்தைகளை வைத்திருக்கிறார்கள்: டிரான்ஸ்பேரன்ட், பஞ்சி, டைனமிக், ஆல்ரவுண்ட், அக்ரெஸிவ், மாடர்ன், பஸ், சேஃப். பெயர்களைப் பார்த்து ஏமாற வேண்டாம், காதால் ஒவ்வொன்றையும் போய்ப் பாருங்கள். என் தம்புரா–மிருதங்கப் பதிவில் சேஃப் மிக மென்மையாக இருந்தது. 3 டெசிபல் வரை அமுக்கியும் தம்புரா பெரிதாக அசையவில்லை. ஆனால் வலந்தலையின் சாப்பு அதில் கொஞ்சம் உருண்டையாகிவிட்டது, அதன் விளிம்பு மழுங்கியது. டைனமிக்கில் அந்த விளிம்பு நின்றது. அமுக்குவதற்கு முன் அடியின் முனையைக் கூட்டிவிட்டு அமுக்குகிற வகை அது. அக்ரெஸிவ் இந்தப் பதிவுக்கு ஆகாது. ஒரு தம்பியின் கானா ராப் பாட்டில் போட்டபோதுதான் அது எதற்கு என்று புரிந்தது. அங்கே கிக்கும் குரலும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பதே அழகு, இந்த வகை அதற்குத் துணை போகிறது. மாடர்னையே எல்லாவற்றுக்கும் போடுகிறவர்கள் அதிகம். பெரும்பாலான பாட்டுக்குக் குறை சொல்ல முடியாது, ஆனால் எட்டும் இருக்கும்போது ஒன்றோடு நின்றுவிடுவானேன்.

இந்த 19 நாளில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது ஹெட்போன் படம் போட்ட ஒரு சிறு பொத்தான். அதை அழுத்தினால் பாட்டு மறைந்துவிடும், லிமிட்டர் பாட்டிலிருந்து எடுத்துக் கழித்தது மட்டும் கேட்கும். முதல் தடவை கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 1 டெசிபல் அமுக்கும்போது சின்னச் சின்னச் சொடுக்கு, அவ்வளவுதான். 3 டெசிபலில் மிருதங்கத்தின் சொற்கள் கேட்டன. 6 டெசிபலில் குரலே அங்கே இருந்தது, வார்த்தை புரிகிற அளவுக்கு. பாடகியின் வார்த்தையை நான் எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் பாட்டில் இதை ஒரு தடவை செய்து பாருங்கள். கழித்ததில் சொடுக்கு மட்டும் கேட்டால் நிம்மதியாக இருங்கள். அதில் பாட்டு கேட்டால் கையை எடுங்கள்.

இரு சேனல்களைக் கட்டிவைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. வலத்தில் மிருதங்கமும் இடத்தில் கடமும் வைத்த பதிவில், கட்டை அவிழ்த்துவிட்டால் மிருதங்கம் அடிக்கும்போது வலப்பக்கம் மட்டும் அமுங்குகிறது, நடுவில் நிற்க வேண்டிய குரல் கணநேரம் இடப்பக்கம் சாய்கிறது. ஹெட்போனில் கேட்கிறவருக்கு அது என்னவென்று தெரியாமலே தலை கிறுகிறுக்கும். அடிகளுக்கு ஓரளவு அவிழ்த்தும், ரிலீஸுக்கு முழுக்கக் கட்டியும் வைத்தது எனக்குச் சரியாக வந்தது.

ஓவர்சாம்ப்ளிங்கை 32 மடங்கு வரை ஏற்றலாம். என் கம்ப்யூட்டர் அதில் திணறியது, 4 மடங்குக்கு மேல் என் காதுக்கு வித்தியாசமும் தெரியவில்லை. ட்ரூ பீக்கை மட்டும் அணைக்காதீர்கள். வினாடிக்கு 44,100 புள்ளிகளாக எழுதிய ஒலி மறுபடி அலையாக மாறும்போது, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உச்சி இன்னும் மேலே எழலாம். எம்பி3 ஆகவோ ஏஏசி ஆகவோ சுருக்கும்போதும் உச்சிகள் இடம் மாறும். உங்கள் கம்ப்யூட்டரில் சுத்தமாகக் கேட்ட பாட்டு, கேட்பவர் போனில் கரகரப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கூரையை மைனஸ் 1 டெசிபல் ட்ரூ பீக்கில் வையுங்கள். பாட்டு மிக உரத்ததென்றால் மைனஸ் 2. ஸ்பாட்டிஃபையே சொல்லும் கணக்கு இது.

இனி, உங்களில் பலர் சண்டைக்கு வரும் இடம். "அண்ணா, மத்த பாட்டெல்லாம் சத்தமா இருக்கு, நம்ம பாட்டு மட்டும் சின்னதா கேக்குது." இந்த வலி எனக்குத் தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஸ்பாட்டிஃபை ஒவ்வொரு பாட்டின் சராசரி உரப்பையும் அளந்து, இயல்பாக மைனஸ் 14 லஃப்ஸுக்குக் கொண்டுவந்து ஒலிக்கிறது. யூட்யூபும் உரத்த பாட்டை ஏறக்குறைய அந்த அளவுக்கு இறக்குகிறது. இரண்டு பாட்டுகளை வைத்துக்கொள்வோம். ஒன்றை நசுக்கி நசுக்கி மைனஸ் 8-க்கு ஏற்றியிருக்கிறீர்கள், உச்சி மைனஸ் 1-ல் நிற்கிறது. இன்னொன்றை மைனஸ் 14-லேயே விட்டிருக்கிறீர்கள், அதன் உச்சியும் மைனஸ் 1. முதல் பாட்டை அவர்கள் 6 டெசிபல் இறக்குவார்கள், அதன் உச்சி மைனஸ் 7-க்குப் போய்விடும். இரண்டாவதை யாரும் தொட மாட்டார்கள். இப்போது இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒரே உரப்பு. ஆனால் இரண்டாவது பாட்டின் மிருதங்க அடி முதல் பாட்டின் அடியைவிட 6 டெசிபல் உயரமாக எழுகிறது. அலையின் உயரத்தில் அது இரட்டிப்பு. நசுக்கியதற்குக் கிடைத்த கூலி, சின்னதான அடி.

மைனஸ் 14-ஐயே வேதமாகப் பிடித்துக்கொள்ளவும் சொல்ல மாட்டேன். ஒரு தாலாட்டு மைனஸ் 18-ல் இருந்தால் என்ன குறைந்துவிடும்? அந்தத் தம்பியின் ராப் மைனஸ் 9-ல்தான் அதன் முரட்டுத்தனத்தோடு நின்றது, அப்படியே விட்டேன். நசுங்கிய ஒலியே உங்களுக்கு வேண்டிய நிறம் என்றால் நசுக்குங்கள், தெரிந்து நசுக்குங்கள். பக்கத்துப் பாட்டைப் பார்த்துப் பயந்து செய்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பயத்தில் நானும் ஒருகாலம் இருந்தேன். சி.டி. கோலோச்சிய நாளில், ஒரு பக்திப்பாடல் தொகுப்பை மாஸ்டரிங் செய்யக் கொடுத்தார்கள். முடித்துக் கொடுத்தேன். கடையில் போட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த சி.டி.யைவிடச் சத்தம் குறைவு என்று திருப்பி அனுப்பினார்கள். ஏற்றிக் கொடுத்தேன். மறுபடி வந்தது. மூன்றாவது தடவை லிமிட்டரை முட்டுகிற வரை தள்ளிக் கொடுத்தேன், சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். சில மாதம் கழித்து அதில் மிருதங்கம் வாசித்த வித்வான் வீட்டுக்கு வந்தார். காபி குடித்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: "தம்பி, என் வலந்தலை எங்கப்பா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லக்கூடிய பதிலும் இல்லை. அவர் கரணையைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து, சுருதி கூட்டி, நாற்பது வருடச் சாதகத்தில் விரலுக்குக் கொண்டுவந்த நாதம் அது.

உலகப் பெரிய இசைக்குழுக்களுக்கும் இதே நேர்ந்திருக்கிறது. 2008-ல் வந்த மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’ அளவுக்கு மீறி நசுங்கியிருப்பதாக ரசிகர்களே குரல் எழுப்பினார்கள். ‘கிட்டார் ஹீரோ’ என்ற விளையாட்டுக்காகக் கொடுக்கப்பட்ட அதே பாடல்கள் நசுங்காமல் இருந்ததால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. அதை மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், மிக்ஸ் தன்னிடம் வரும்போதே நசுங்கித்தான் வந்தது என்று ஒரு ரசிகருக்கு எழுதிய கடிதம் பிறகு வெளியே வந்தது. இதை உங்களுக்குக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. எனக்கு வரும் பாட்டுகளில் பாதிக்கு மேல் மாஸ்டர் சேனலில் ஒரு லிமிட்டர், டிரம்ஸ் குரூப்பில் ஒன்று, குரலில் ஒன்று என்று மூன்று இடத்தில் அமுங்கி வருகின்றன. அப்படி வந்த பிறகு நான் எந்த விலையுயர்ந்த லிமிட்டரைப் போட்டாலும் திரும்பக் கொடுக்க எதுவும் இருக்காது. மிக்ஸ் செய்யும்போது கிக்கை 2 டெசிபல் குறைத்தால் தீரும் பிரச்சினையை லிமிட்டரிடம் தள்ளாதீர்கள்.

புரோ-எல் 2-ஐ வாங்கச் சொல்கிறேனா? இதே தொழில் என்று இருக்கிறவர்களுக்கு, ஆமாம். அளவுமானிகளுக்காக மட்டுமேகூட வாங்கலாம். லஃப்ஸும் ட்ரூ பீக்கும் ஒரே இடத்தில் தெரிகின்றன, அமுங்கிய அளவு அலையின் மேலேயே சிவப்பாக ஓடுகிறது, பாட்டின் எந்த இடத்தில் கை மீறினோம் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடுகிறது. மாதத்துக்கு ஒரு பாட்டு செய்கிறவர்கள் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். லவுட்மேக்ஸ் என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. திரெஷோல்ட் ஒரு பட்டி, அவுட்புட் ஒரு பட்டி. தம்புரா–மிருதங்கப் பதிவில் 2 டெசிபல் அமுக்கும் வரை இதையும் புரோ-எல் 2-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மிச்சமாகும் காசில் அறைச் சுவருக்கு இரண்டு கனத்த திரைச்சீலையும் நல்ல ஹெட்போனும் வாங்குங்கள்.

இனிமேல் எனக்குப் பாட்டு அனுப்பும்போது இரண்டு கோப்பாக அனுப்புங்கள், இரண்டும் 24 பிட் வேவாக இருக்கட்டும். ஒன்று லிமிட்டரோடு, இன்னொன்று மாஸ்டர் சேனலில் ஒன்றுமே இல்லாமல். இரண்டையும் சத்தம் சமன் செய்து நான் கேட்கிறேன். அனுப்புவதற்கு முன் நீங்களும் அப்படியே கேளுங்கள். அடுத்த நாள் காலை, காது களைக்காத நேரத்தில், கண்ணை மூடி யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தப் பக்திப்பாடல் தொகுப்பின் மிக்ஸ் என் பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தது. லிமிட்டர் தொடாத மிக்ஸ். போன வாரம் அதைத் திறந்தேன், முதலிலிருந்து மாஸ்டரிங் செய்துகொண்டிருக்கிறேன். சேஃப் வகை, எந்த இடத்திலும் 2 டெசிபலுக்கு மேல் அமுங்காமல். வித்வானுக்கு எண்பதை நெருங்குகிறது, காது இன்னும் கூர்மை. வரும் ஞாயிற்றுக்கிழமை கேட்க வருகிறேன் என்றிருக்கிறார். தனி ஆவர்த்தனத்தில் கடைசிக் கோர்வைக்குச் சற்று முன்னால் ஓரிடம், வலந்தலை இன்னும் கொஞ்சம் திறந்து கேட்க வேண்டும் போலிருக்கிறது. இன்று இரவு அதைத்தான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
திருச்சி